நாலு மணிக்கு வாசிக்கச் சொன்னவர்

வெள்ளவத்தை
03.03.2025

அன்பின் அத்தான்,

நானும் பிள்ளையும் சுகம். உங்களோடு வேலை செய்யும் ஷிஹான் நாளைக் காலை மாலைதீவுக்குத் திரும்புகிறார் என்று அவருடைய மனைவி நளீபா சொன்னதும், சாமான்களோடு ஒரு கடிதமும் வைத்து அனுப்பலாம் என்று இருந்துவிட்டேன். போனில் கதைக்கும்போது உங்களுக்குப் பின்னால் எப்பவும் யாரோ கூப்பிடுகிறார்கள். நான் சொல்ல நினைத்ததில் பாதி அப்படியே நின்றுவிடுகிறது. பார்சலில் வறுத்து இடித்த மிளகாய்த்தூள் ஒரு கிலோவும் கருவாடும் உங்கள் முதுகுக்கு எண்ணெய் இரண்டு போத்தலும் இருக்கின்றன. எண்ணெயை இளஞ்சூடாக்கிப் பூச வேண்டுமாம்.

பியானோ வந்து ஆறு கிழமை. கொட்டாஞ்சேனையில் இருந்து கொண்டுவந்து மூன்றாம் மாடிக்கு ஏற்றியதைப் படம் எடுத்து அனுப்பினேனே, அதுதான் சுலபமான வேலை. இந்தக் கட்டடத்தின் சுவர்கள் எவ்வளவு மெல்லியவை என்று அதுவரை எனக்குத் தெரியாது. முதல் கிழமையே எதிர்வீட்டு ஸமீமா வந்துவிட்டா. அவவுக்கு ஒரு மருந்தகத்தில் இரவு வேலை, பகல் மூன்று மணிவரைதான் நித்திரை. முகத்தைச் சுளிக்காமல் சொன்னா, ஆனால் சொன்னா. மேல்மாடிக்காரர் ஞாயிறு காலையில் வேண்டாம் என்று காவலாளியிடம் சொல்லி அனுப்பினார். நிர்வாகக் குழு லிப்டுக்குப் பக்கத்தில் மூன்று மொழியிலும் ஒரு நோட்டீஸ் ஒட்டியது, மாலை ஆறு மணிக்குப் பிறகு இசைக்கருவிகள் வாசிக்கக் கூடாது என்று. பெயர் போடவில்லை. இந்தக் கட்டடத்தில் வேறு யார் வீட்டில் இசைக்கருவி இருக்கிறது?

என்னால் முடிந்ததெல்லாம் செய்தேன். ரியூன் பண்ண வந்த சப்ரி சொன்னபடி பியானோவைச் சுவரில் இருந்து ஒரு முழம் தள்ளி, சில்லுகளுக்குக் கீழே றப்பர் வைத்து, அதற்கும் கீழே பழைய கம்பளத்தை இரண்டாக மடித்துப் போட்டேன். முதுகுப் பக்கத்தில் நம்முடைய தடித்த போர்வையைத் தொங்கவிட்டேன். நடுப் பெடலை மிதித்து ஒரு பக்கமாகத் தள்ளினால் கம்பிகளுக்கு முன்னால் ஒரு துணிப்பட்டி இறங்கி நிற்கும். அப்போது சத்தம் தலையணைக்குள் இருந்து வருவதுபோல வரும். பிள்ளை ஸ்ரீஜாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டாள்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒருநாள் அவள் வாசித்து முடித்த கையோடு கீழிருந்து தட்டினார்கள். எங்கள் நிலத்துக்கு அடியில் மூன்று தட்டு, கொஞ்சம் விட்டு மறுபடியும் மூன்று. அடுத்த நாளும் அப்படியே. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு கேக் வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்கக் கீழே போனேன்.

உங்கள் சத்தியநாராயணன் அண்ணைதான் கதவைத் திறந்தார். புறக்கோட்டைக் கடையை விற்ற பிறகு ஆள் முழு நேரமும் வீட்டில்தானே. தாங்கள் யாரும் தட்டவில்லை என்று சிரித்தார். பிள்ளை வாசிப்பது தங்களுக்கு விருப்பம் என்றும், முடிந்தால் தினமும் நாலில் இருந்து ஐந்து மணிவரை வாசிக்கச் சொல்லுமாறும் கேட்டார். அவருடைய மனைவி நாகம்மை அக்கா போன வருஷம் குளியலறையில் விழுந்த பிறகு கால் சரியில்லையாம். அந்த நேரத்தில்தான் அவர் தன் கையாலேயே அவவுக்கு உடற்பயிற்சி செய்விக்கிறாராம். நோவில் அவ கொஞ்சம் சத்தம் போடுவாவாம், பாட்டுக் கேட்டால் மறந்திருப்பாவாம். சத்தத்தை மூடுகிற அந்தப் பெடலையும் போட வேண்டாம் என்றார்.

இந்தக் கட்டடத்தில் எங்களை வேண்டாம் என்று சொல்லாத ஒரு ஆள். படியேறி வரும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீங்கள் அவருக்கு ஒரு நன்றி சொல்லுங்கோ. வீட்டின் மற்றச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனதும் நல்லதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கோ.

உங்கள்
சாமினி


வெள்ளவத்தை
18.05.2025

அன்பின் அத்தான்,

இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். போன் இருக்கக் கடிதம் ஏன் என்று யோசிப்பீர்கள். முழுவதையும் வாசித்துவிட்டு யோசியுங்கோ. இதைப் பற்றிப் போனில் மட்டும் கதைக்க வேண்டாம்.

சித்திரை வருஷத்துக்குப் பலகாரம் கொண்டு கீழே போனேன். நாகம்மை அக்காவைப் பார்க்கலாமா என்று கேட்டேன். நித்திரை என்றார். தட்டை வாங்கி வைக்க அவர் திரும்பிய நேரத்தில் உள்ளே பார்த்தேன். பின்னறைக் கதவு பூட்டியிருந்தது. தாழ்ப்பாள் அறைக்கு வெளியே, விறாந்தைப் பக்கமாக இருந்தது. நோயாளி தடுமாறி எழுந்து நடந்துவிடாமல் இருக்க அப்படிப் போட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த கிழமை லிப்டில் கண்டார். உங்கள் முதுகு இப்போது எப்படி, புது எண்ணெய் பிடித்ததா என்று கேட்டார். நீங்கள் சொல்லியிருப்பீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அன்றிரவு உங்களைக் கேட்டேன், ஞாபகம் இருக்கும். அவரோடு ஒரு மாதமாகக் கதைக்கவில்லை என்றீர்கள். எண்ணெயைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் அறை யன்னலுக்குப் பக்கத்தில் நின்று போனில் கதைத்ததைத் தவிர. எங்கள் சத்தம் அவருக்குக் கேட்கிறது. அப்படியென்றால் அவர்களுடைய சத்தமும் எங்களுக்குக் கேட்க வேண்டும். ஆனால் அந்த வீட்டில் இருந்து ஒரு பாத்திரம் விழுகிற சத்தம்கூட வருவதில்லை, அந்தத் தட்டல் மட்டும்தான்.

அது நிற்கவில்லை. காலையில், பியானோ மூடிக் கிடக்கிற நேரத்திலும் வருகிறது. நான் புத்தி கெட்டவள், எங்கள் நடை சத்தமாக்கும் என்று நினைத்து வீட்டுக்குள் செருப்புப் போடுவதை நிறுத்தினேன். கதிரைக் கால்களுக்குத் துணி கட்டினேன்.

பிள்ளையின் பியானோ ரீச்சர் றஞ்சிதம் மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைத்தா. பரீட்சைக்கு ஆறு கிழமைதான் இருக்கிறது, ஆனால் ஸ்ரீஜா இப்போது எல்லாவற்றையும் ஓங்கி அடிக்கிறாளாம். தாலாட்டு மாதிரி ஒரு மெதுவான துண்டு இருக்கிறது, அதையும் அப்படித்தானாம். வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டா. ஒன்றும் இல்லை என்றேன்.

போன புதன்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல். வாசிக்கவில்லை. நாலு மணி தாண்டி ஐந்து நிமிஷம் இருக்காது, அவர் கதவடியில் நின்றார். ஏன் சத்தத்தைக் காணவில்லை என்றார். காய்ச்சல் என்றேன். அப்படியென்றால் நீங்கள் வாசிக்கலாமே, என்னவாவது வாசியுங்கோ என்றார். எனக்கு வாசிக்கத் தெரியாது என்றேன். அவர் போகவில்லை. என் தோளுக்கு மேலால் பியானோவைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோபமே இல்லாத முகம். பிறகு பிள்ளைக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கதவைப் பூட்டிவிட்டு ஸ்ரீஜாவிடம் போனேன். கட்டிலில் போர்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தாள். அவர் போய்விட்டாரா என்று கேட்டாள். ஓம் என்றேன். அப்போதுதான் சொன்னாள்.

"நான் வாசிக்காட்டி அந்த அன்ரி அழுறது கேக்கும் அம்மா. அதாலதான் நான் சத்தமா வாசிக்கிறனான்."

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். பியானோ வந்த நாளில் இருந்து என்றாள். நான் அந்த நேரத்தில் குசினியில் தண்ணிக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பேன். என் பிள்ளை பதினொரு வயதில் அங்கே தனியாக இருந்து அதைக் கேட்டுக்கொண்டு, கேட்காமல் இருக்க வாசித்திருக்கிறாள். உடற்பயிற்சி என்றுதான் அங்கிள் சொன்னவர் என்று நான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத என்னால் முடியாது.

அவருக்கு நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம். பண்டிகைக்கு வாழ்த்து அனுப்புவது போலவே இருங்கோ. நான் ஸமீமாவோடு கதைக்கப் போகிறேன். இந்தக் கட்டடத்தில் என்னிடம் நேரே வந்து குறை சொன்ன ஆள் அவ ஒருத்திதான்.

உங்கள்
சாமினி


வெள்ளவத்தை
15.06.2025

அன்பின் அத்தான்,

போனில் நீங்கள் கேட்டது ஒரே கேள்வி, நீர் ஏன் தலையிட்டனீர் என்று. அப்போது நான் பதில் சொல்லவில்லை. கோபத்தில் இல்லை. கீழே அவர் இருந்தார், நான் கதைப்பது அவருக்குக் கேட்கும். நடந்ததை இப்போது ஒழுங்காக எழுதுகிறேன்.

ஸமீமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தனக்கும் கேட்டிருக்கிறது, ரீவி நாடகம் என்று நினைத்துக் காதுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்ததாகச் சொன்னா. சொல்லிவிட்டு அழுதா. அடுத்த நாளே சத்தியநாராயணன் அண்ணை மேல்மாடிக்காரரிடம், நாகம்மையைத் திருச்சியில் உள்ள தமையன் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கிழமை முழுவதும் லிப்ட் பழுது. நடக்க முடியாத ஒரு ஆளை இரண்டு மாடி இறக்கியதை வாசல் காவலாளிகூடக் காணவில்லை. அவர் அப்படிச் சொன்ன அன்றைக்கு மத்தியானமும் எங்கள் நிலத்துக்கு அடியில் தட்டிக் கேட்டது. முந்தியைவிட மெல்லமாக.

ஸமீமாதான் பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போனா. என்னுடைய சிங்களம் அந்த இடத்தில் நாக்கில் ஒட்டிக்கொண்டது, அவதான் கதைத்தா. முதலில் அது குடும்ப விஷயம் என்றார்கள். பெண்கள் பிரிவில் இருந்த ஒரு சார்ஜன்ட் மட்டும் அந்தத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று இரண்டு தரம் கேட்டா. செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வருகிறோம், அதுவரை வழமைபோல இருங்கோ என்று சொல்லிவிட்டா.

வழமைபோல என்றால் என்ன என்று உங்களுக்கு விளங்கும். பிள்ளையை அன்றைக்கு றஞ்சிதம் மிஸ் வீட்டுக்கு அனுப்பத்தான் நினைத்தேன். ஆனால் நாலு மணிக்குப் பியானோ கேட்காவிட்டால் அவர் மேலே வருவார். அதனால் நானே அவளைப் பியானோவுக்கு முன்னால் இருத்தினேன். நான் திரும்பி வந்து தொடும்வரை நிறுத்தக் கூடாது என்றேன். என்ன துண்டு என்று கேட்டாள். எதுவானாலும் என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை.

நான் படியில் நின்றேன். பொலிசாரின் சப்பாத்துக்கள் ஏறி வரும் சத்தம் எனக்குக் கேட்டது, அவருக்குக் கேட்டிருக்காது. மேலே பிள்ளை அப்படி அடித்தாள். மணி அடித்தும் அவர் கன நேரம் திறக்கவில்லை. திறந்ததும் மனைவி இந்தியாவில் என்று நல்ல சிங்களத்தில் சொன்னார். அப்படியென்றால் அறைகளைப் பார்க்கலாம்தானே என்றா அந்த சார்ஜன்ட்.

அவ பின்னறையில்தான் இருந்தா அத்தான். ஒரு கை முறிந்து, பிழையாகப் பொருந்தியிருந்தது. மற்றதை எழுத மாட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு திரைச்சீலைக் கம்பி கிடந்தது. நேர் மேலே கூரைச் சீமெந்தில் சுண்ணாம்பு உதிர்ந்து வட்ட வட்டமாகத் தழும்பு. எத்தனை இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது அவ என்னைக் கண்டா.

"நீங்கதானா மேல் வீடு?"

நான் ஓம் என்றேன். அதற்குள் அவவை இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் தேடி வந்தேன் என்று நினைத்தாவா, இவ்வளவு நாளும் வரவில்லை என்று நினைத்தாவா தெரியாது. மேலே போய் ஸ்ரீஜாவின் தோளைத் தொட்டபோது அவளுடைய விரல்கள் உடனே நிற்கவில்லை.

நாகம்மை அக்கா இன்னும் ஆஸ்பத்திரியில்தான். தமையன் வந்திருக்கிறார். ஸமீமா ஒருநாள் விட்டு ஒருநாள் போய்ப் பார்க்கிறா. நான் ஒருதரம் போய், வார்ட் வாசலில் இருந்து திரும்பி வந்தேன்.

சத்தியநாராயணன் அண்ணையைப் பிடித்துக்கொண்டு போய், பத்து நாளில் பிணையில் விட்டுவிட்டார்கள். மனைவியிடம் போகக் கூடாது, சாட்சிகளோடு கதைக்கக் கூடாது என்று கட்டளையாம். ஆனால் வீடு அவருடையது, வந்து இருக்கிறார். கட்டடத்தில் யாரும் அவரோடு கதைப்பதில்லை, யாரும் அவருக்கு ஒன்றும் சொல்வதுமில்லை. அவர் ஒரு சொல் திட்டவில்லை, ஒரு கதவை அறைந்து சாத்தவில்லை. வந்த இரண்டாம் நாள் கடித உறைக்குள் எங்கள் சாவியை வைத்துக் கதவுக்கு அடியால் தள்ளியிருந்தார். நீங்கள் கொடுத்தது பழைய பித்தளைச் சாவி, தலையில் நீங்கள் அடித்த பெயிண்ட் பட்டிருந்தது. உறைக்குள் இருந்தது புதிதாக வெட்டிய வெள்ளைச் சாவி. அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டுப் பூட்டை மாற்றினேன். உள்ளே மேலும் கீழும் இரண்டு தாழ்ப்பாள் போட்டேன்.

பிள்ளை இப்போது வீட்டில் வாசிப்பதில்லை. பாடசாலை விட்டு நேரே பாமன்கடைக்கு, றஞ்சிதம் மிஸ் வீட்டுக்குப் போகிறாள். இப்போது சத்தமே வருவதில்லையாம், கட்டையைத் தொட்டும் தொடாமலும் விரலை எடுக்கிறாளாம். பரீட்சையை அடுத்த முறைக்குத் தள்ளிப் போடலாம் என்று மிஸ் சொன்னா. ஸ்ரீஜா மாட்டேன் என்றுவிட்டாள்.

முந்தநாள் படியில் அவர் எதிரே வந்தார். ஒதுங்கி வழி விட்டார். நான் தாண்டிப் போன பிறகு, முதுகுக்குப் பின்னால் இருந்து சொன்னார்.

"பிள்ளை இப்ப பாமன்கடைப் பக்கமெல்லோ வாசிக்கிறவ. ஐந்தேகால் பஸ்ஸில தனியவா வாறவ?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் வந்த பிறகுதான் பையைக் கீழே வைத்தேன். பொலிசில் சொன்னேன். அதில் மிரட்டல் என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். நேற்றில் இருந்து நானே போய் அவளைக் கூட்டி வருகிறேன். பஸ்ஸில் வருவதில்லை.

ஜூலை எட்டாம் திகதி வழக்கு. நான் சாட்சி சொல்லுவேன். இதில் மட்டும் என்னைத் தடுக்க வேண்டாம். இவ்வளவு நாளும் அந்த வீட்டுச் சத்தத்தை மூடிக்கொடுத்தது எங்கள் வீடு. அதைப் பிள்ளை ஒருநாள் என்னிடம் கேட்பாள். கேட்கும்போது எனக்கு ஒரு பதில் இருக்க வேண்டும்.

உங்களுக்கு லீவு ஓகஸ்டில்தான் என்று தெரியும். இடையில் கேட்டால் வேலைக்கு என்ன ஆகும் என்றும் தெரியும். அதையெல்லாம் நான் யோசிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். கலியாணம் முடித்துப் பதின்மூன்று வருஷத்தில் உங்களை வாங்கோ என்று நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இதை வாசித்து முடித்ததும் எந்த நாள் வருகிறீர்கள் என்று மட்டும் மெசேஜ் போடுங்கோ. காரணம் கேட்டுப் போன் எடுக்க வேண்டாம், என்னால் சொல்ல முடியாது.

கடல் தாண்டி வருகிற உங்களைப் பிள்ளையார் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். பகல் விமானமாகப் பாருங்கோ. வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேருங்கோ.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
சாமினி