சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட ஜெபம்

அன்பு மகள் ஜிஸ்மிக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நான் நல்ல சுகம், நீயும் டப்ளினில் குளிருக்கு அடக்கமாக, சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். இந்த நல்ல சுகம் போன வாரத்திலிருந்துதான், அதற்கு முந்தின கதையைக் கேட்டால் நீ கத்துவாய். போனில் சொல்லலாம் என்றால் நம் தேயிலைத் தோட்டத்து லயத்துச் சுவரைப் பற்றி உனக்குத் தெரியும், இந்த வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் நூறாயுசு என்பார்கள். பக்கத்து வீட்டுக் கற்பகம் காதில் விழுந்தால் மறுபடியும் முதலிலிருந்து சிரிப்பாள். அதனால்தான் கடிதம். இங்கே மழை விடவில்லை, கொழுந்து நிறைய, விரலெல்லாம் கறை.

நம் கோழிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவதைச் சொல்லியிருந்தேன் அல்லவா. ஒருநாள் காலை கூட்டருகே இறகு கிடந்தது, கற்பகம் வீட்டு நாய் அங்கே நாக்கைத் தொங்கப்போட்டு நின்றது. எனக்கு வேறு சாட்சி வேண்டுமா, நாயைக் கட்டிப்போடச் சொன்னேன். அவளும் கட்டினாள், ஆனால் எங்க நாய் புடிக்கலைக்கா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள், அது எனக்குப் பொறுக்கவில்லை. நேரில் சண்டை போட்டால் விசுவாசிக்கு அழகில்லை, அதனால் சண்டையை ஜெபத்தில் போட்டேன். வேலைக்குக் கிளம்புமுன் சுவரோரம் முழங்காலிட்டு, நீதியுள்ள நியாயாதிபதியே, எனக்கும் அடுத்த வீட்டுக்காரிக்கும் நடுவே நியாயந்தீரும், அவளைத் தோட்டத்தில் வேறு டிவிஷனுக்கு மாற்றிப்போடும் என்று தினமும் மன்றாடுவேன். பரலோகத்துக்கு எட்டியதோ இல்லையோ, அவள் அடுப்படிக்குத் தெளிவாக எட்டியது. எட்ட வேண்டும் என்றுதானே அத்தனை சத்தம்.

நாயைக் கட்டிய பிறகும் கோழி போனது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்ததா, நாய்க்குக் கட்டை அவிழ்க்கத் தெரியும் என்று முடிவு செய்தேன். கடைசியில் மிஞ்சியிருந்த ஒற்றைக் கோழியை ஒரு மரநாய் கவ்விக்கொண்டு ஓடுவதை என் கண்ணாலேயே பார்த்தேன், கட்டிக் கிடந்த நாய் அதைப் பார்த்துத் தொண்டை கிழியக் குரைத்தது. இத்தனை நாளும் அதை விரட்டிக்கொண்டிருந்ததே அந்த நாய்தான். போலீஸ்காரனை ஜெயிலில் போட்டுவிட்டுத் திருடனைத் தேடியிருக்கிறேன். இதைக் கற்பகத்திடம் சொன்னேனா என்றால் அதுதான் இல்லை. திடீரென்று ஜெபத்தை நிறுத்தினால் நான் தோற்றது தெரிந்துவிடும் என்று, வெட்கமில்லாமல் அதே ஜெபத்தைத் தொடர்ந்தேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை முழங்காலிடப் போனவள் தலைசுற்றி விழுந்துவிட்டேன். பிரஷர் மாத்திரை தீர்ந்தும் வாங்காமல் இருந்தது என் கெட்டிக்காரத்தனம், நீ நர்ஸ், திட்டுவதை அப்புறம் திட்டு. கூப்பிட வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை, கதவோ உள்ளே தாழ் போட்டிருந்தது. இவ்வளவுதான் என்று நினைத்தேன், உன் முகம்தான் கண்ணில் வந்தது. அப்போது சுவரில் யாரோ தட்டினார்கள், பிறகு கதவில் தட்டினார்கள், பிறகு கற்பகத்தின் புருஷன் சங்கையா தாழ்ப்பாளை உடைத்தார். ஆஸ்பத்திரி வரைக்கும் ஜீப்பில் கற்பகம் மடியில்தான் என் தலை. உனக்கு எப்படித் தெரிந்தது என்று பிறகு கேட்டேன். தெனமும் நீங்க என்னைய வையுற சத்தம் கேட்டுத்தான்க்கா நான் உலையே வைப்பேன், அன்னைக்கு சத்தத்தக் காணோம், அதான் சுவத்தத் தட்டிப் பாத்தேன் என்றாள். நான் அழுதுவிட்டேன் மகளே. அழுதுகொண்டே மரநாய் விஷயத்தையும் சொன்னேன், அவள் சிரித்த சிரிப்பில் வார்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நியாயாதிபதி என்று வாய் ஓயாமல் கூப்பிட்டேனே, நீதி என்றால் அவர் என் பக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் இரண்டு பக்கமும் கேட்கிறவர். பொய்ச்சாட்சி சொன்னதற்கு எனக்கே தண்டனை கொடுத்திருந்தாலும் நியாயம்தான். நான் கேட்ட தீர்ப்பை அன்றே கொடுத்திருந்தால், அந்தச் செவ்வாய்க்கிழமை சுவருக்கு அந்தப் பக்கம் யாருமே இருந்திருக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு வெட்கத்தில் முணுமுணுவென்று ஜெபித்தேன். உடனே கற்பகம் சுவரைத் தட்டி, யக்கா, சத்தமாச் சொல்லுங்க, இருக்கீயளா இல்லையான்னு எனக்கு எப்பிடித் தெரியும் என்றாள். இப்போது சத்தமாகத்தான் ஜெபிக்கிறேன், முதலில் அவள் பேர், அப்புறம்தான் உன் பேர், கோபித்துக்கொள்ளாதே. நாயையும் அவிழ்த்து விட்டாயிற்று.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக. நேரத்துக்குச் சாப்பிடு. உன் ஃபிளாட்டுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது என்று போன தடவை சொன்னாய். கடிதம் கிடைத்த அன்றே போய்க் கதவைத் தட்டிப் பேரைக் கேட்டுக்கொள்.

தோற்றுப்போன வழக்கோடு சந்தோஷமாக இருக்கும்
உன் அம்மா
எஸ்தர் பாக்கியம்