படுத்தே வென்ற படைத்தலைவர் குறித்துச் சுறவுத்துறைக் காவலருக்கு

திரைகடல் வேலியாய்ச் சூழ்ந்த தாழைநாட்டின் முடிவேந்தர், கொக்குக்கொடியோர், திருவுளம் கொண்டருள, அவர்தம் பேரமைச்சர் குன்றூர்க்கிழார் எழுதுவிக்கும் ஓலை. சுறவுத்துறையின் காவலரும், அயல்நாட்டு நூல்களை ஓலையில் பெயர்த்தெழுதும் மண்டபத்தின் புரவலருமான நெடுவேளாதனார் கண்டு தெளிக. தங்கள் அளங்களில் உப்பு விளைக. தங்கள் வலைகள் கிழியாதிருக்க. தங்கள் இல்லத்தார் இனிது வாழ்க. மேலே படிக்குமுன் தாங்கள் எங்கேனும் அமர்ந்துகொள்வது நன்று. படுத்துக்கொள்ள மட்டும் வேண்டாம். ஏன் என்பது பின்னே விளங்கும்.

சென்ற கார்காலத்தில், சீனத்து மென்கைப் போர்க்கலை நூல் ஒன்றைத் தமிழ்ப்படுத்திப் படங்களோடு ஓலையில் தீட்டித் தாங்கள் தலைநகருக்கு விடுத்தீர்கள். படைத்தலைவர் மலையமார்பனார் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார். அவருக்கு அப்போது வேறு போக்கில்லை. கருங்குன்ற நாட்டார் சுறவுத்துறையைத் தமதென்று வழக்காட, இருநாட்டு மல்லரும் பொருது வெல்பவர் பக்கமே துறை என்று முடிவாகியிருந்தது. அவர்கள் பக்கம் இடிக்கையன், காளையைக் கொம்பு பிடித்து உட்காரவைப்பவன். நம் பக்கம் மலையமார்பனார், முழங்கால் வலியால் அரண்மனைப் படியேறவே பக்கத்தில் தோள் தேடுபவர். தோற்றால் துறை போகும். துறையோடு தங்கள் பதவியும் போகும். அவரோ வாளை அரியணையின் கீழ் வைத்துவிட்டுத் தலைகுனிந்து ஊர் திரும்ப வேண்டும். வலிமையின்றி வலியவனை வெல்லலாம் என்று ஒரு நூல் சொன்னால் அவர் விடுவாரா?

கற்பிக்க ஆசான் இல்லை, நூலே ஆசான். பயிற்சிக்கூடத்தின் கதவைச் சாத்திக்கொண்டார். பிறர் கதவிடுக்கில் கண் வைப்பது அமைச்சர்க்கு அழகன்று. ஆயினும் நாட்டு நலன் கருதி வைக்கப்பட்டது. கண்டதை எழுத எழுத்தாணி கூசுகிறது. தம் பெயர் கேட்டாலே எதிரிகள் நடுங்கிய அந்தப் படைத்தலைவர், கூடத்தின் நடுவே மல்லாந்து கிடந்து, கண்ணுக்குத் தெரியாத பூனையொன்றைத் தடவிக்கொடுப்பவர்போலக் கைகளை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தார். பின்னால் வீரர்கள் வரிசையாகக் கிடந்து அவ்வாறே செய்தனர். சிலர் குறட்டையும் விட்டனர்.

நலம் விசாரிக்கும் சாக்கில் அமைச்சர் அவர் இல்லம் புகுந்தபோது, மனைவியார் அல்லிநங்கை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டினார். "உங்க படைத்தலைவருக்குப் பித்துப் புடிச்சிருச்சு ஐயா! சோத்துக்குக்கூட எந்திரிக்க மாட்டேங்கிறாரு. கேட்டா, வேர் விடுறாராம்!"

உள்ளறையின் தரையிலிருந்தே மறுமொழி வந்தது. "நூல்ல அப்படித்தான் இருக்கு. மண்ணுல வேர் புடி, எடையைக் கீழ எறக்கு, எதையும் முறுக்கிச் செய்யாதே. படத்துல அத்தனை பேரும் படுத்துத்தான் கிடக்காங்க. நான் என்ன நூலைவிடப் பெரியவனா?"

ஒற்றைக்கால் சேவல் என்னும் நிலை மட்டும் அவர் மனத்தை உறுத்திற்றாம். படுத்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கும் சேவலை அவர் எந்தக் கொல்லையிலும் கண்டதில்லை. சீனத்துச் சேவலின் வழக்கம் அப்படிப் போலும் என்று தேற்றிக்கொண்டு அந்தக் காலையும் தூக்கினார்.

போர்நாள் வந்தது. இருநாட்டு மன்னரும் வீற்றிருக்க, முரசு ஓய்ந்ததும் மலையமார்பனார் களத்தின் நடுவே நடந்தார். நூலை நம்பினார். படுத்தார்.

நம் மன்னர் கையிலிருந்த தாம்பூலம் மடியில் விழுந்தது. இடிக்கையன்தான் முதலில் பேசினான். "யோவ், எந்திரிய்யா! நான் இன்னும் தொடவே இல்லையே!"

"வா தம்பி. நான் எங்கேயும் போயிடல."

கிடப்பவனை அடித்தல் களமுறை அன்று. தானே படுத்தவனை வீழ்ந்தவன் என்றும் கொள்ள முடியாது. எதிரி கைபட்டு வீழ்ந்தால்தான் தோல்வி. ஆகவே வீழ்த்துவதற்காக அவரை முதலில் தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று இடிக்கையனுக்கு. குனிந்தான். அந்த வேளையில் சேவற்கால் மெல்ல எழுந்து அவன் கணுக்காலின் பின்னே வளைந்தது. மேகம்போல் நகர்ந்த கை அவன் மணிக்கட்டைப் பற்றி, அவன் சாய்ந்த பக்கமே இழுத்தது. மலை சரிந்தாற்போல் வீழ்ந்தான். துறை நமதாயிற்று. தங்கள் பதவியும் பிழைத்தது, வாழ்த்துகள்.

இனித்தான் தாங்கள் அமர்ந்திருக்க வேண்டிய இடம். விருந்தினராய் வந்திருந்த சீன மரக்கலத் தலைவர் லின் என்பார், வெற்றி முழக்கத்தின் நடுவே வெளிறிய முகத்தோடு அமைச்சரை ஒதுக்குப்புறமாய் அழைத்து, இக்கலையை இப்படிக் கற்பித்தவர் யாவர் என வினவினார். நூல் என்று சொல்லி அமைச்சர் ஏட்டை நீட்டினார். லின் ஓர் ஓலையை உருவி, அதை நெட்டுக்குத்தாய்ப் பிடித்துக் காட்டினார்.

படத்தில் படுத்திருந்த மனிதன் எழுந்து நின்றான். அமைச்சருக்குத்தான் நிற்க முடியவில்லை.

நான்கு விரல் அகல ஓலையில் நிற்கும் மனிதனைத் தீட்டினால் கொசுவளவே தேறும் என்று, தங்கள் ஓவியர் ஒவ்வொருவனையும் ஓலையின் நீளவாக்கில் கிடத்திவிட்டார். அதைத் தாங்களும் பாராமல் முத்திரையிட்டு அனுப்பினீர்கள். நூலோடு ஓர் ஆசான் வந்திருந்தால் முதல் நாளே உதைத்து எழுப்பியிருப்பார் என்றார் லின். எழுப்பியிருந்தால், நின்ற மலையமார்பனாரை இடிக்கையன் ஒரே மூச்சில் முடித்திருப்பான் என்றார் அமைச்சர். லின் ஏட்டைக் கட்டிக் கொடுத்து, வெளியே சொல்வதில்லை என வாக்களித்தார்.

ஆகவே ஆணையாவது: மூலநூலைப் பேழையிலிட்டுப் பூட்டித் தங்கள் பொறுப்பிலேயே வைத்துக்கொள்க. ஓவியரைக் கடிய வேண்டாம். மலையமார்பனார் செவிக்கு இச்செய்தி எக்காலத்தும் எட்டலாகாது. இப்போது அவர் பிறர் தோள் தேடாமல் நிமிர்ந்து படியேறுகிறார். தோற்ற கருங்குன்ற மன்னர், நூலால் வந்த வெற்றி எனக் கேள்வியுற்று, அடுத்த போருக்கென அந்நூலின் படியொன்று கேட்டுத் தூது விட்டிருக்கிறார். மறுக்காமல் கொடுக்க. அதே ஓவியரே தீட்டுக. ஒருவனும் எழுந்து நிற்கலாகாது. அடுத்த களத்தில் இருவரும் படுத்துவிட்டால் குனிபவர் யாருமில்லை. துறை இருக்கும் இடத்திலேயே இருக்கும்.

இவ்வோலை அரச முத்திரையுடன் விடுக்கப்படுகிறது. முத்திரையில் கொக்கு கிடப்பதைக் கண்டு தாங்கள் ஓலையைத் திருப்பிப் பார்க்க வேண்டாம். மன்னரும் நேற்று முதல் பயிலத் தொடங்கியுள்ளார். அச்சு அவர் ஆணைப்படியே மாற்றப்பட்டது.