ஒற்றையாய்த் தெரிந்த பனை

என் அன்பு மச்சான் சவிரிக்கு,

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல உன் மகள் மேரிதான் எழுதுகிறாள்.

போன கிழமை ஒரு வள்ளம் பாறையில் தட்டிக்கொண்டு வந்தது. "என்ன, சவிரியின்ரை வழியாலை போனனியோ?" என்று ஒருவன் கேட்க, கரையே சிரித்தது. மீன் வாங்க நின்ற மேரி வெறும் பையோடு திரும்பிவிட்டாள். நீ குடிவெறியில் ஓடித்தான் வள்ளத்தை உடைத்துச் செத்தாய் என்று இத்தனை வருடமாய்ச் சொல்கிறார்கள். கேட்டவனிடமே போய், கடலுக்குள் நிற்கிற பழைய வெளிச்சவீட்டுக்கு என்னை ஏற்றிக்கொண்டு போ என்றேன்.

"அப்பு, உங்களை ஏத்தி இறக்கவே ரெண்டு பேர் வேணும்."

"பிடியுங்கோவன்."

பாறைகளுக்கு நடுவே உள்ள ஒடுக்கமான வழியை அவனுக்கு ஜீபிஎஸ் காட்டுகிறது. எனக்குக் காட்டியது நீ. வெளிச்சவீட்டை நோக்கி ஓடும்போது கரையைத் திரும்பிப் பார்க்க வேண்டும். கரைப் பனை, அதற்குப் பின்னால் நிற்கிற வயல் பனையை மறைத்து ஒரு மரமாகத் தெரிந்தால் வழி சரி. இரண்டாகத் தெரிந்தால் பாறை.

விளக்கும் கதவும் இல்லாத அந்த வெளிச்சவீட்டுப் படியில் குந்தியிருந்து பார்த்தேன். ஒரு பனை. திரும்ப ஏறி வள்ளத்தை இடப்பக்கம் விடச் சொன்னேன், வலப்பக்கம் விடச் சொன்னேன். எங்கே நின்றாலும் ஒரு பனைதான், மச்சான். சண்டைக்குப் பிறகு ஊர் திரும்பி, கடலுக்குப் போக விட்ட முதல் நாள், வள்ளம் உடையுமுன் நீ பார்த்ததும் அதுதானே?

வயல் பனையைத் தறித்தவன் நான். ஷெல் விழுந்த நாட்களில் உன் பிள்ளைகளும் என் பிள்ளைகளும் இருந்த பங்கருக்கு மேலே அடுக்க மரக்குற்றி தேவைப்பட்டது. தரையில் நிற்பவனுக்கு அவை எட்ட எட்ட நிற்கிற இரண்டு மரம்; கடல் வழி எனக்கு நினைவிலேயே வரவில்லை. தறித்ததற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். மேரி உயிரோடிருந்து இதை எழுதுகிறாள். உனக்குச் சொல்லாமல் விட்டேனே, அதற்கு என்ன சொல்ல?

வள்ளக்காரனிடம் அங்கேயே சொன்னேன். கரையைத் திரும்பிப் பார்த்தான். "அப்ப பிழை மரத்திலை," என்றான்.

"என்னிலை. இனிப் பகிடி விடுறதெண்டா என்ரை பேரைச் சொல்லு."

மேரி பேனையை வைத்துவிட்டு என்னையே பார்க்கிறாள். அழுகையா, கோபமா? எழுது பிள்ளை, ஒன்றையும் விடாதே என்கிறேன். பேனையைத் திரும்ப எடுத்துவிட்டாள்.

அடிக்கட்டை இன்னும் வயலில் கிடக்கிறது. அதன் பக்கத்தில் பனை உயரத்துக்கு வெள்ளைக் கம்பம் ஒன்று நடுவேன். ஜீபிஎஸ் இருக்கக் கம்பம் எதற்கு என்று கேட்பார்கள். கேட்கட்டும். கேட்கிற ஒவ்வொருவனுக்கும் மரத்தைத் தறித்தது யார் என்று சொல்வேன்.

உன் தங்கையைக் கட்டிய மச்சான்,
செல்லையா