கல்லில் இருந்த மகள்

அன்புள்ள அத்தாவுக்கு,

கைனாத்தின் ஸலாம். முட்டிவலி குறைந்ததா? அம்மா சுகமா? நான் நன்றாக இருக்கிறேன்.

“செத்துப்போன எழுத்த படிச்சு இன்னா பண்ணப்போறா?” என்று மொஹ்சின் மாமா கேட்டபோது, “அவ படிக்கட்டும்” என்று என்னை ஸ்வீடனுக்கு அனுப்பினீர்கள். நேற்று அதற்குப் பலன் கிடைத்தது.

இங்கே ஒரு வயலில், ரூன் என்கிற இந்த நாட்டுப் பழைய எழுத்துகள் வெட்டிய ஆயிரம் வருடத்துக் கல் நிற்கிறது. ஒரு தகப்பன் தன் மகன் நினைவாக நட்ட கல் என்றே இதுவரை படித்தார்கள். நான் குடையால் வெயிலை மறைத்து, தேய்ந்த சொல்லின் மேல் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, வெட்டுகளில் விழுந்த நிழலைப் பார்த்தேன். மகன் இல்லை அத்தா, மகள்.

கூட வந்திருந்த என் பேராசிரியையும் குனிந்து பார்த்தார். “நீ சொல்வதுதான் சரி. அறிக்கையில் உன் பெயரைப் போடுகிறேன்” என்றார். ‘கைனாத் ஹாஜா மைதீன்’ என்று உங்கள் பெயரோடு அச்சாகும். நம் ஊர்ப் பெயரையும் கேட்டார்; ராஜகீழ்ப்பாக்கம் என்று எழுதத்தான் திணறிப்போனார்.

சந்தோஷத்தில் எழுந்தவள் ஈரப்புல்லில் வழுக்கி விழுந்தேன். லேசான சுளுக்குதான், நடக்கிறேன்.

போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றே எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் சாப்பிடும்போது பேசுவதைப் பதிவு செய்து அனுப்பும்படி தம்பி ஜமீரிடம் சொல்லுங்கள். மிக்ஸி ஓடினாலும் பரவாயில்லை.

பஸ் வந்துவிட்டது. துஆ செய்யுங்கள்.

உங்கள் மகள்,
கைனாத்