முகராத பன்னீர்

ஆடி 5, செவ்வாய்

விடியலிலிருந்து காற்று. கொடியில் போட்ட துணியில் பாதி அடுத்த வீட்டு முருங்கை மரத்தில். ஆடிச் செவ்வாய் என்பதால் இவர் இருட்டிலேயே கோயிலுக்குப் போய், வெயில் ஏறித்தான் திரும்பினார். நான் அரை நாள் லீவு. வேங்கிக்காலில் மனு டைப் அடிக்கும் கடை ஒன்றும் நான் இல்லாமல் மூழ்கிவிடாது. இவரைத் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். இழுத்துப் போனேன் என்பதே சரி.

கை இரண்டும் மோசம். விரலிடுக்கில் வெடிப்பு, மணிக்கட்டு வரை சிவப்பு. தூக்கத்திலும் சொறிகிறார்.

டாக்டர்: "என்ன வேலை பண்றீங்க?"

"அம்மன் கோயில் பூசாரிங்க. அடி அண்ணாமலையில."

"அபிஷேகம் எல்லாம் கையாலயா?"

கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டதுபோல் பார்த்தார் இவர். "வேற எதால செய்வாங்க?"

டாக்டரின் சந்தேகம் பாட்டில் பன்னீர் மேல். வெளியே ரோஜா படம், உள்ளே செண்டு கலந்த தண்ணீர். நிறுத்திப் பார்க்க வேண்டுமாம். ஒரு களிம்பு எழுதினார். நிறுத்த முடியாவிட்டால் கையுறை.

பஸ்ஸில் வரும்போது இவர் சத்தமாக: "உறை போட்டுக்குனு பெத்த தாய்க்கு எவனாவது தல தேச்சு வுடுவானா?" கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம்.

சரி, பன்னீரையாவது விடுங்கள் என்றேன். வேண்டிக்கொண்டவர்கள் ஆளுக்கொரு பாட்டிலோடு வந்து நிற்கும்போது, ஆடி மாதத்தில், எப்படி வேண்டாம் என்பது என்றார். அதோடு முடிந்தது பேச்சு.

ஆடி 6, புதன்

கடையில் கரண்ட் இல்லை. சும்மா உட்கார்ந்து போனில் வீடியோ. வீட்டிலேயே பன்னீர் வடிக்கிறார் ஒருத்தர். குக்கரில் பூ, ஆவி குழாய் வழியாக ஐஸ் வாளிக்குள் போய்ச் சொட்டுச் சொட்டாக பாட்டிலில். செண்டு கிடையாது, கலப்படம் கிடையாது. "இதை ஒரு ஹாபியா ஆரம்பிங்க" என்கிறார். ஐம்பது வயதில் எனக்கு ஹாபி! ஆனால் மண்டைக்குள் ஒன்று புகுந்துவிட்டால் எனக்கு அது வெளியே போகாது. வந்தவர்களிடம் "வீட்லயே காச்சின பன்னீர் இருக்குது" என்று இவர் சொல்லிக்கொள்ளலாம். யார் மனமும் நோகாது. கையும் பிழைக்கும்.

வேண்டியவை:
பழைய பெரிய குக்கர் (இருக்கிறது, கைப்பிடி ஆடும்)
செம்புக் குழாய்
ரப்பர் குழாய் கொஞ்சம்
வாளி, ஐஸ்
பன்னீர் ரோஜா
பொறுமை (இல்லை)

பிரிட்ஜ் ரிப்பேர் கடைக்காரர் குழாயை வாளிக்குள் அடங்குகிற மாதிரி சுருட்டிக் கொடுத்தார். "இன்னாக்கா, சாராயமா?"

"பன்னீர்."

"எல்லாரும் அப்டித்தான் சொல்லுவாங்க."

நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

ஆடி 7, வியாழன்

குழாயைக் கழுவ முதலில் வெறும் புளித்தண்ணீர் கொதிக்கவிட்டு வடித்தேன். பச்சையாக ஏதோ வந்தது. இன்னொரு தரம் வெறும் தண்ணீர். குக்கர் மூடிக்குப் பக்கத்தில் புஸ் புஸ். மைதா மாவு பிசைந்து அப்பினேன், நின்றது. கொல்லைப்புறத்தில் காற்று அடுப்பை அணைத்துக்கொண்டே இருந்ததால் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு.

பூக்காரி கஸ்தூரி அக்கா ஒரு பை நிறைய ரோஜா கொடுத்தாள். இதழ் கிள்ளி, தண்ணீர் ஊற்றி, மூடி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் முதல் சொட்டு. கை தட்டினேன், வெட்கமாகத்தான் இருக்கிறது எழுத.

வீடியோக்காரர் சொல்வது: முதலில் வருவது நல்ல வாசனை, போகப் போக வெந்த கீரை நாற்றம், அதனால் அடிக்கடி மோந்து பார்த்து சரியான நேரத்தில் நிறுத்த வேண்டும். பாட்டில் வாய் பக்கம் குனிந்தேன்.

"ஏ! மோக்காத!"

பின்னால் இவர், ஈரத் துண்டோடு.

சாமிக்கு வைக்கிற பூவை முகரக்கூடாது. அது தெரியாதா எனக்கு? இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டுதான் பூ கட்டுகிறேன். ஆனால் பன்னீருக்கும் அதே சட்டமா?

"பூவுல இருந்துதான வருது?" என்றார்.

ஒரு கரண்டி தனியாகப் பிடித்து அதை மட்டும் முகர்கிறேன் என்றேன். "பானையில ஒரு வாய் எச்சி பண்ணிட்டு மிச்சத்த படைப்பியா?"

முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டேன். போதாததற்கு இவர் வேறு சாம்பிராணி போட்டுவிட்டார். மூக்கை நம்பிச் செய்கிற வேலை, மூக்கில்லாமல். எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் குத்துமதிப்பாக நிறுத்தினேன். பாட்டில் நிறைந்திருக்கிறது. என்ன நிறைந்திருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

ஆடி 8, வெள்ளி

எழுதவே பிடிக்கவில்லை.

அபிஷேகம் முடிந்து தீர்த்தமாகிவிட்டால் யாரும் முகரலாம். அதற்காகவே முதல் வரிசையில் போய் நின்றேன். பால், தயிர், மஞ்சள், கடைசியில் என் பன்னீர். இவர் பாட்டிலைத் தூக்கி அம்மன் தலையில் ஊற்றினார். காற்று எங்கள் பக்கம்.

பின்னால் ஒரு அம்மா: "எங்கயோ சோறு அடிபுடிக்குது."

இன்னொருத்தி: "இங்க ஏதுடீ சோறு?"

கருகல். சந்தேகமே இல்லை. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். இவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, கடைசிச் சொட்டுவரை ஊற்றித் துடைத்து, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார்.

வீட்டில் அழுதேன். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அம்மனே ஒண்ணும் சொல்லல. நீ இன்னாத்துக்கு அழுவுற?"

ஆடி 10, ஞாயிறு

குக்கர் அடியில் இதழ் ஒட்டிக் கருகியிருக்கிறது. தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து என் நகம் போனதுதான் மிச்சம். பூ அடியில் படக்கூடாது. இட்லித் தட்டு வைத்தால்? இவ்வளவு நேரம் தோன்றாததற்குத் தலையில் அடித்துக்கொண்டேன்.

மத்தியானம் மகள் போன், பெங்களூரிலிருந்து. "அம்மா, உனக்கு வேற வேலையே இல்லியா?" இல்லை.

இவர் கை: கேட்டால் "கம்மியா இருக்குது." காட்டச் சொன்னால் துண்டு மடிக்க, விளக்குத் துடைக்க என்று வேலை வந்துவிடுகிறது.

ஆடி 14, வியாழன்

இரண்டாம் தடவை. இட்லித் தட்டு மேல் இதழ், அடியில் நிறையத் தண்ணீர், சின்னத் தீ. மூக்கு கட்டியாச்சு. பாட்டில் பாதி வந்ததுமே அடுப்பை அணைத்தேன். பேராசை வேண்டாம். மேலே மெல்லிசாக எண்ணெய் மாதிரி மினுக்கியது. மூடி, பிரிட்ஜில். பிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் மூச்சை அடக்குகிறேன். பைத்தியம்தான்.

ஆடி 15, வெள்ளி

நன்றாக வந்துவிட்டது!

ஊற்றிய உடனே பேச்சு நின்றது. அதே அடிபிடித்த அம்மாதான் கேட்டாள்: "எந்தக் கடை பன்னீருங்க இது?" இவர் என் பக்கம் கை காட்டினார். பாலும் மஞ்சளும் கலந்த தீர்த்தத்தில்தான் என்றாலும் எனக்கும் வாசனை வந்தது. இரண்டு பேர் தங்கள் பாட்டிலைத் திருப்பி எடுத்துப் போனார்கள். மனு டைப் அடிப்பதில் யாரும் என்னை இப்படிப் பார்த்ததில்லை.

சந்தோஷம். சும்மா சொல்லக்கூடாது, ரொம்ப.

களிம்பு டியூப் காலி. அதற்குள்ளாகவா?

ஆடி 18, திங்கள்

ஆடிப்பெருக்கு. வெயில், காற்று, புழுதி. நான் வீட்டுக்குத் தூரம். இந்த வயதிலும் விட்டபாடில்லை. நாளைய அபிஷேகத்துக்கு என்று கஸ்தூரி அக்கா காலையிலேயே பூவைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். நான் தொட முடியாது. பை அங்கே, நான் இங்கே. மத்தியானத்துக்குள் வாடிவிடும்.

"நான் செய்யறேன், நீ சொல்லு" என்றார் இவர்.

கொல்லைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தேன். "தட்டு வெச்சீங்களா? தண்ணி ஜாஸ்தி ஊத்துங்க! மாவு அப்புங்க!" அவர் உள்ளேயிருந்து, "ஆச்சு, ஆச்சு." பை முழுக்க வெறும் கையால் இதழ் கிள்ளினார். பாட்டு வேறு முனகிக்கொண்டு. குக்கரோடு அவர் சண்டை போடுவதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இரண்டு பாட்டில் வந்தது. என்னைவிட நன்றாகவே வடித்திருக்கிறார்.

சாயங்காலம் கொல்லைப்பக்கம் வந்து நின்றார். கையை நீட்டினார்.

முழங்கை வரை வீக்கம். விரல் முழுக்க நீர்க்கொப்புளம். பிடித்து ஊதக்கூட முடியாத தூரத்தில் நான்.

ஆடி 19, செவ்வாய்

இந்தக் கையோடு காலையில் அபிஷேகம் செய்துவிட்டுத்தான் வந்தார், ஒரு பாட்டிலை ஊற்றி. தூரமாவது மண்ணாவது என்று நானும் கூடவே டாக்டரிடம் போனேன்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். பூ கிள்ளியதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார். "செண்டுதான்னு நினைச்சேன். ரோஜாவே இவருக்கு ஒத்துக்கலைம்மா. நீங்க வடிச்சது சுத்தமானது. பாட்டில்ல இருக்கறதைவிட அதுல ரோஜா சத்து ஜாஸ்தி."

"அப்டின்னா என்னுதால தான் மோசமாச்சா?"

டாக்டர் நல்லவர். "அப்படி எடுத்துக்காதீங்க" என்றார். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

பன்னீர், மாலை, ஊதுவத்தி, எதுவும் தொடக்கூடாது. ஈரத்தில் கை வைக்கக்கூடாது. தொடர்ந்து செய்தால் விரல் மடக்க முடியாமல் போகலாம். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும்.

வெளியே வந்து கேட்டேன். போன வெள்ளிக்கிழமையே எரிந்ததா? "லேசா." ஏன் சொல்லவில்லை? "நீ அவ்ளோ சந்தோசமா இருந்த."

ரோட்டில் நின்று அழுதேன். ஆட்டோக்காரர் ஒருத்தர் ஆஸ்பத்திரிக்கா என்று கேட்டார்.

ஆடி 20, புதன்

கொழுந்தனாருக்குப் போன் போட்டேன், இவருக்குத் தெரியாமல். இவருடைய தம்பி, கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டுகிறார். பூசை எல்லாம் தெரியும். வெள்ளி செவ்வாய் மட்டும் வந்து செய்யுங்கள், கை ஆறும்வரை என்றேன்.

"அண்ணன் கூப்புட்டா இந்த நிமிசமே வரேன் அண்ணி. நீங்க கூப்புட்டு வந்தா, அவர் கையில இருந்து புடுங்கின மாதிரி ஆயிடும்."

இவரிடம் சொன்னேன். நீங்களே கூப்பிடுங்கள், ஒரு வார்த்தை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "கை தொடாம அங்க நான் போயி இன்னா பண்றது? வேடிக்க பாக்கறதா?"

கத்தினேன். பதிலுக்குக் கத்தினால் தேவலை. சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். இடது கையால் சாப்பிட மாட்டார், ஸ்பூனும் வேண்டாம். ரசத்தில் விரல் படும்போது கண்ணை மூடிக்கொள்கிறார்.

ஆடி 21, வியாழன்

தலைக்கு ஊற்றியாச்சு. குக்கரையும் குழாயையும் சாக்கில் கட்டி பரண் மேல் போட்டேன். கடையில் ஒரு மனுவில் பெயரை மாற்றி அடித்துத் திட்டு வாங்கினேன். கஸ்தூரி அக்காவிடம் பூ வேண்டாம் என்றேன். "ஆடியில வேணாங்கறியே?" வேகமாக நடந்தேன்.

பிரிட்ஜில் இன்னும் ஒரு பாட்டில். இவர் வடித்தது. கொட்டவும் கை வரவில்லை, சாமிக்கென்று வடித்தது.

ஆடி 22, வெள்ளி

மேகமூட்டம். காற்று விழுந்துவிட்டது. இவர் கிணற்றடியில் குளிக்கிற சத்தம். கொப்புளம் உடைந்த கையில் தண்ணீர் படும்போது ஒரு "ஸ்" கேட்கிறது. அப்புறம் அடுத்த சொம்பு.

பிரிட்ஜைத் திறந்தேன். பாட்டிலை எடுத்தேன். கெஞ்சியாச்சு, கத்தியாச்சு, அழுதாச்சு. மூடியைத் திறந்து, மூக்கைப் பாட்டில் வாய்க்குள்ளேயே வைத்து, வயிறு வரை இழுத்தேன். ஒரு தரம் இல்லை, மூன்று நான்கு தரம். முதல் தடவையாக. இப்படி இருக்கும் என்று தெரியாது எனக்கு. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இவர் ஈர வேட்டியோடு வந்து நின்றார். கை நீட்டினார் பாட்டிலுக்கு.

"மோந்துட்டேன்" என்றேன். "இது சாமிக்கு ஆகாது."

திட்டுவார் என்று நினைத்தேன். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தான் வடித்ததை அவரும் முகர்ந்ததில்லையே.

"எப்டி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க."

பாட்டிலை மூடச் சொன்னார். "நீ வச்சுக்க" என்றார். எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். கோயில் இந்தப் பக்கம். அவர் போனது அந்தப் பக்கம். தெருமுனைக் கடையில் அவர் குரல் கேட்டது.

"பன்னீர் ஒண்ணு குடுப்பா. பெரிய பாட்டிலா."