ஏழாம் நம்பர் கொக்கி

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே தூறல். ஸ்கூட்டி சீட் நனைந்து கிடந்தது. சுடிதாரின் பின்பக்கம் ஈரத்தோடேயே காக்ஸ் டவுனிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கடைக்கு.

போனதும் ஓனர் சார் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார். நாளையிலிருந்து சனி வரை பரீட்சை. பகல் பன்னிரண்டுக்குள் வரும் கண்ணாடி ஆர்டர் எல்லாம் அன்றே சாயங்காலம் ஆறுக்குள் கஸ்டமர் கையில் இருக்க வேண்டும். ஒன்று பிந்தினாலும் லென்ஸ் வெட்டும் மெஷினைக் கழற்றி விற்றுவிட்டு, வேலையை ஊருக்கு வெளியே பெரிய யூனிட்டுக்குக் கொடுத்துவிடுவாராம். மாடி ஒர்க்‌ஷாப்புக்குப் பூட்டு. நானும் இம்ரானும் வீட்டுக்கு. கீழே கவுன்டரில் இருக்கும் மஞ்சுளா மட்டும் தப்பிப்பாள்.

பதினோரு வருஷம். எனக்கு இந்த வேலையை விட்டால் வேறொன்றும் தெரியாது.

பயந்திருக்க வேண்டும். ஆனால் உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. ரொம்ப நாளாக யாரும் எங்களிடம் ‘முடியுமா?’ என்று கேட்டதில்லையே.

இன்று மட்டும் பாக்கி மூன்று. அதில் ஒன்று துணிக்கு அடியில் கிடந்திருக்கிறது! ரெடி ஆனதா இல்லையா என்று மஞ்சுளா கீழேயிருந்து கத்த, நாங்கள் மேலேயிருந்து கத்த. வேலை செய்யத் தெரியாமல் இல்லை. எது எங்கே இருக்கிறது என்று தெரியாததுதான் கோளாறு.

வாங்க வேண்டியது: பால், வீட்டுக்காரர் தாஸுக்குக் கிராம்பு (பல் வலி).

ஜூலை 8, செவ்வாய்

மழை இல்லை. ஏழே முக்காலுக்கே கடை வாசலில். நானா!

ராத்திரி படுத்ததும் தோன்றியது. அப்பா கோலார் தங்கவயல் சுரங்கத்தில் இருந்தவர். கீழே இறங்குகிறவர்களுக்கு ஆளுக்கொரு பித்தளை டோக்கன். மேலே வந்ததும் பலகையில் திரும்ப மாட்டிவிட வேண்டும். கொக்கி காலி என்றால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். யாரும் யாரையும் கேட்க வேண்டாம், பலகையைப் பார்த்தால் போதும்.

புது பிரேமோடு வரும் பிளாஸ்டிக் டம்மி லென்ஸை எப்போதும் குப்பையில்தான் போடுவோம். பன்னிரண்டைப் பொறுக்கி, ஓட்டை போட்டு, சிவப்பு நெயில் பாலிஷில் நம்பர் எழுதினேன். பழைய பலகையில் பன்னிரண்டு கொக்கி. ஒவ்வொரு ஆர்டருக்கும் நம்பர் போட்ட ஒரு டிரே. அதை எடுப்பவர் அந்த நம்பர் டோக்கனைத் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். கண்ணாடி கஸ்டமர் கைக்குப் போன பிறகுதான் மாட்ட வேண்டும். பலகை நிறையாமல் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது.

இம்ரானுக்கு ஒரே சிரிப்பு. “என்னா அக்கா, கோலார்ல தங்கம் தீந்துபோச்சுன்னு இங்க தோண்ட வந்துட்டீங்களா?”

சிரிக்கட்டும். ஒன்பது ஆர்டர். ஒன்பதும் ஐந்தே முக்காலுக்குள். கடைசி டோக்கனை மாட்டியது அவன்தான். கை தட்டினான், அவனுக்கு அவனே.

ஜூலை 9, புதன்

வெயில். பதினான்கு ஆர்டர், டோக்கன் பன்னிரண்டுதான். மாட்டிய சூட்டோடு திரும்ப எடுத்தோம்.

எனக்கு நானே போட்டுக்கொண்டது:
– போன் டிராயரில். ஒன்றரை மணிக்குத்தான் வெளியே.
– முதல் டீக்கு முன் ஒரு வேலை முடிந்திருக்க வேண்டும்.
– பிரேம் இல்லாத கண்ணாடி (உயிரை வாங்கும் சனியன்) காலையிலேயே. சாயங்காலம் கை நடுங்கும்.
– இம்ரானோடு பிரியாணி விவாதம் கூடாது. (மீறப்பட்டது. இருபது நிமிஷம்.)

ஐந்து ஐம்பது. பலகை நிறைந்தது. படிக்கட்டில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன். முப்பத்தெட்டு வயசுக்கு இது தேவையா?

ஜூலை 10, வியாழன்

எப்படி எழுதுவேன் இதை.

தாஸுக்குப் பல் பிடுங்க ஐந்தரைக்கு டாக்டர். என் டிரே எல்லாம் முடித்துவிட்டேன் என்ற நினைப்பில் ஐந்துக்கே கிளம்பினேன். பலகையைத் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டம் போட்ட மகராணிக்குச் சட்டம் இல்லை போல!

பல் வந்துவிட்டது. டாக்டருக்குப் பணம் கொடுக்கப் பையைத் திறந்தால் பர்ஸோடு ஏழாம் நம்பர்.

சின்ன வயசில் ஒரு நாள் அப்பா டோக்கனைச் சட்டைப் பையிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். துவைக்கும்போது அம்மா பார்த்தாள். சோப்புக் கையோடு சுரங்க வாசலுக்கு ஓடினாள். அங்கே அப்பாவைக் கீழே தேட ஆள் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

மணி ஆறு ஐம்பது. போனில் இம்ரான் பெயரில் ஒன்பது மிஸ்டு கால். கூப்பிட்டேன். ஏழாம் நம்பரை நாலரைக்கே நானே கீழே போய் ஒரு டீச்சரம்மாவிடம் கொடுத்துவிட்டேன், மஞ்சுளா அப்போது டீ குடிக்கப் போயிருந்தாள், நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்றேன்.

“குடுத்தீங்க, நம்புறேன் அக்கா. ஆனா கொக்கி காலியா இருக்கே. நாங்க இன்னும் எறங்கல.”

தாஸை ஸ்கூட்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு பறந்தேன். வாயில் பஞ்சு. எப்போதும் வாய் மூடாத மனுஷன் வழியெல்லாம் ‘ம்ம், ம்ம்’ என்று திட்டிக்கொண்டே வந்தார்.

மாடியில் எல்லா டிராயரும் வெளியே கிடந்தன. இம்ரான் தரையில் படுத்து மெஷினுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடியிருக்கிறான். சட்டையெல்லாம் லென்ஸ் தூள். சந்தாபுராவுக்கு மஞ்சுளா போகும் நேர் பஸ் ஆறரைக்கே போய்விட்டது. இனி இரண்டு பஸ் மாற வேண்டும். ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. அவள் வேலைக்கு ஆபத்தே இல்லை. அவள் ஏன் நிற்க வேண்டும்?

கேட்டேன்.

“பலகை நெறையலக்கா,” என்றாள். அவ்வளவுதான்.

டோக்கனை மாட்டும்போது கண் நிறைந்துவிட்டது. ஓனர் சார் ஷட்டர் சாவியோடு படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இதைப் பிந்திய கணக்கில் சேர்ப்பாரோ?

ஜூலை 11, வெள்ளி

மேகமூட்டம். பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை கரன்ட் இல்லை. இம்ரான் லென்ஸைக் கையாலேயே அரம் போட்டு ராவினான். நான் திருகு முடுக்கினேன். எட்டு ஆர்டரும் முடிந்தது. விரல் நுனியெல்லாம் எரிகிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.

மஞ்சுளாவுக்குச் சப்பாத்தி, குருமா கொண்டுபோனேன். மன்னிப்பு வேறு எப்படிக் கேட்பது?

தாஸ் பேச ஆரம்பித்துவிட்டார். போச்சு.

ஜூலை 12, சனி

காலையில் நல்ல மழை. பதினாறு ஆர்டர்! கடைசி ஆள், ஆட்டோ ஓட்டுகிறவர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எதிர்க்கடை போர்டைச் சத்தமாக வாசித்தார். ஐந்து ஐம்பத்தி நாலு. மூன்றாம் நம்பரை மாட்டினேன். பன்னிரண்டும் நிறைந்தது.

ஓனர் சார் மேலே வந்தார். பலகையை விரலால் எண்ணினார். எங்கள் எதிரிலேயே பெரிய யூனிட்டுக்குப் போன் போட்டு, வேண்டாம் என்று கன்னடத்தில் சொன்னார். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, அவருடைய தமிழில்:

“ஒரு பிளாஸ்டிக் துண்டுக்கு ரெண்டு பேர் ஒரு மணி நேரம் நிக்கறாங்க. இன்னொருத்தி பல் புடுங்கின புருசனை இழுத்துட்டு ஓடி வர்றா. இதை நான் எந்த யூனிட்ல போயி வாங்கறது?”

திங்களிலிருந்து அவருடைய இன்னொரு கடையின் வேலையும் இங்கேதானாம். இம்ரான் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். இரண்டு மடங்கு வேலை, இளிக்கிறோம் பைத்தியம் மாதிரி.

வாங்க வேண்டியது: கொக்கி பன்னிரண்டு, சிவப்பு நெயில் பாலிஷ்.

கிளம்புமுன் நாங்கள் மூவரும் எங்கள் பைகளை மேஜையில் தலைகீழாகக் கொட்டிக் காட்டினோம். சீப்பு, சில்லறை, பஸ் டிக்கெட். டோக்கன் இல்லை. ஓனர் சாரும் தன் சட்டைப் பையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார்.