ஊமைப் படத்துக்கு நீங்கள் சொன்ன சொல்

ஜப்பான் வருஷம் 2604 ஜூன் 15, வியாழக்கிழமை. டோக்கியோ மணி பகல் பன்னிரண்டரை. நம் பழைய மணிக்குப் பதினொன்று. காஜா பெராங் சாலையில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ் நான்கு. மரவள்ளி மாவில் காய்ச்சிய பசை இன்னும் காயவில்லை. புளித்த வாடை சினிமாக் கொட்டகை மாடியில் இருக்கும் என் மெஷின் அறை வரை வருகிறது. போன வருஷம் ஒட்டிய அதே வாசகம்தான்: ஞாயிறு மதியம் இலவசப் படம், ஆண்களுக்கு மட்டும்.

நானா, அண்ணன் ஸ்தானத்தில் இருந்த உங்களுக்கு இந்தக் கடிதம் வந்து சேராது. சயாம் ரயில் பாதையிலிருந்து தப்பி வந்த தோட்டத்து ஆள் ஒருவர் நேற்று என்னைத் தேடி வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டார். முகாமில் வாந்திபேதி, படுத்தீர்கள், எழுந்திருக்கவில்லை. அழுதேன் என்று எழுதினால் பொய். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்று உடனே யோசிக்க வேண்டியிருந்தது. எதையும் யோசிப்பதென்றால் உங்களோடு சண்டை பிடித்தபடி யோசித்தே எனக்குப் பழக்கம். அதனால் எழுதுகிறேன்.

நாம் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு வால்வு. பேசும் படத்தின் ஒலிப்பெட்டியில் வால்வு கருகிப்போனது; மலாக்கா முழுக்கத் தேடியும் மாற்று கிடைக்கவில்லை. கொட்டகையை மூடக் கூடாது என்பது ஜப்பான்காரன் உத்தரவு. கிடங்கைத் திறந்தோம். பம்பாயிலிருந்து எப்போதோ வந்த ராஜா ராணி ஊமைப் படம் ஒன்று, ஐந்து சுருள், கெடாமல் இருந்தது. ஊமைப் படம் என்றால் கதை சொல்ல ஆள் வேண்டும். துக்காங் எமாஸ் தெருவில் ஜவுளிக்கடையில் கைலி மடித்துக்கொண்டிருந்த உங்களைக் கூட்டி வந்தார்கள். பேசும் படம் வந்ததும் பிழைப்புப் போன பழைய படஞ்சொல்லி என்றார்கள். நான் ட்ரேட் ஸ்கூலில் மின்சாரம் படித்தவன். வாயால் படம் ஓட்டும் ஆளைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது.

முதல் நாள் காட்சியிலேயே நமக்குள் சண்டை. ராஜாவின் சவ ஊர்வலம் திரையில் போகிறது, கொட்டகை சிரிக்கிறது. நீங்கள் திரைப் பக்கத்திலிருந்து இறங்கி, படியேறி என் அறைக்கே வந்துவிட்டீர்கள்.

"மெசின் தம்பி, மையித்து ஓடுது. எந்த ஊர்லயாவது மையித்து ஓடுமா?"

வினாடிக்கு இருபத்துநான்கு கட்டம், பேசும் படத்துக்கான மோட்டார், அதற்குக் குறைத்து ஓடாது என்று விளக்கினேன்.

"அப்ப மோட்டாரைக் கழட்டு. அல்லா கை குடுத்திருக்கான்ல?"

வினாடிக்குப் பதினாறு கட்டம் கையால் சுற்றினால் ஊர்வலம் ஊர்வலமாகப் போகும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் மெதுவாகச் சுற்றினால் ஒவ்வொரு கட்டமும் கார்பன் விளக்கின் சூட்டில் கூடுதல் நேரம் நிற்கும். இந்த ஃபிலிம் கற்பூரம் மாதிரி பற்றும். இதைச் சொன்னதற்கு, கூடாரத்தில் படம் காட்டிய நாளில் உங்கள் ஆபரேட்டர் பாட்டுப் பாடிக்கொண்டே சுற்றுவான் என்றீர்கள். காதல் என்றால் மெதுவாக, சண்டை என்றால் வேகமாக, கடைசி மாட்டுவண்டி கிளம்புகிற நேரமென்றால் மூன்று சுருளை இரண்டு சுருள் நேரத்தில் முடித்துவிடுவானாம். ஒரு ஆர்மோனியம், ஒரு மிருதங்கம், துப்பாக்கிச் சத்தத்துக்கு ஒரு தகரப் பலகை. மற்றதெல்லாம் உங்கள் வாய். பாதியை நான் நம்பவில்லை. மோட்டாரை மட்டும் கழற்றினேன்.

பிறகு கொட்டகை நிறைந்தது. நீங்கள் தமிழும் மலாயும் கலந்து சொல்வீர்கள். காஜா பெராங்கில் அப்படித்தான் சொல்ல முடியும். தலைமுறைகளாக மலாய் பேசும் செட்டிக் கம்பத்துக்காரர்கள் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வந்து உட்காருவார்கள், ஆனால் தமிழ் புரியாது. ராணி அழுதால் தமிழில் ஒரு தடவை, அவர்களுக்காக மலாயில் ஒரு தடவை. "ராணிக்கு ரெண்டு தடவ அழுவ எங்கிட்ட யாரும் கூலி தர்றதில்ல" என்று இறங்கி வந்து முணுமுணுப்பீர்கள்.

ஜப்பான் அதிகாரி ஒருவன் வந்து பார்த்தான். அவன் ஊரிலும் ஊமைப் படத்துக்கு இப்படி ஆள் உண்டாம். உங்கள் தோளைத் தட்டி "பென்ஷி, பென்ஷி" என்றான். படஞ்சொல்லிக்கு அவர்கள் பேர் அது. உங்கள் காதில் பென்ஷன் என்று விழுந்தது. ஜப்பான்காரன் தனக்குப் பென்ஷன் கொடுக்கிறான் என்று ஒரு வாரம் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தீர்கள். உங்கள் மனைவி, எங்களுக்கெல்லாம் லாத்தா, அதை நம்பி, வாசலுக்குப் புது மறைப்புத் துணி தைக்கவே ஆரம்பித்துவிட்டார். உண்மையை நான்தான் சொன்னேன். நீங்கள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அப்புறம் அந்த இலவசப் படம். அதிகாரி முன்வரிசைப் பிரம்பு நாற்காலியில், பக்கத்தில் மலாய் தெரிந்த, தமிழ் தெரியாத மொழிபெயர்ப்பாளன். பின்னால் தோட்டத்து ஆட்கள், கடைச் சிப்பந்திகள், செட்டிக் கம்பத்து ஆட்கள் மூன்றாம் வரிசை முழுக்க. படம் தொடங்கும் முன் டீ குடிக்க வெளியே போன நீங்கள் மூச்சு வாங்க என் அறைக்கு வந்தீர்கள். சாலையில் மூன்று ராணுவ வண்டி நிற்கிறது, முன்கதவை வெளியே பூட்டிவிட்டான், எல்லாரையும் சயாமுக்கு அள்ளத்தான் இந்தப் படம் என்றீர்கள்.

"கக்கூஸ் கதவு திறந்துதான் கெடக்கு, அது வழியாத்தான் வந்தேன். முதல் சுருளை இழு தம்பி. எவ்வளவு முடியுமோ இழு."

"பத்திக்கும், நானா."

"பத்தினா பத்தட்டும்."

கணக்கு எனக்கும் புரிந்தது. சுருள் முடிந்தால் விளக்குப் போட வேண்டும். விளக்குப் போட்டால் காலி நாற்காலி தெரியும். சுற்ற ஆரம்பித்தேன். பதினாறு அல்ல, பன்னிரண்டுக்கும் குறைவு. திரை மினுக்கியது.

நீங்கள் கதையை ஆரம்பித்தீர்கள். பாசார், சூசா என்று பேச்சுக்கு ஒரு மலாய்ச் சொல் போடுகிற மனிதர், அன்று ஒரு சொல் கலக்கவில்லை. அரண்மனையை எதிரி வளைத்துவிட்டான் என்றீர்கள். முன்வாசல் பூட்டு, இடது பக்கம் கடைசியில் ஒன்றுக்குப் போகிற கதவு திறந்திருக்கிறது, வீரர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து அந்த வழியே போகிறார்கள், யாரும் ஓடவில்லை. திரையில் ராணி பூப்பறித்துக்கொண்டிருந்தாள்.

பின்வரிசையில் ஒருவன் கேலி செய்தான். "நானா, கண்ணாடிய மாத்துங்க. அங்க பொம்பளதான் நிக்குது."

"கண்ணாடி சரியாத்தான் இருக்கு, வாப்பா. இந்த ராஜா வடக்க காட்டுல தண்டவாளம் போடுறான். ஆள் பத்தல. புரிஞ்சவன் எழுந்திரு."

சிரிப்பு நின்றது. என் துவாரத்திலிருந்து பார்த்தேன். கடைசி வரிசை காலியானது, அப்புறம் அதற்கு முன் வரிசை. அதிகாரி உங்களையே பார்த்துத் தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தான். முக்கால்வாசிப் பேர் போய்விட்டார்கள்.

மூன்றாம் வரிசை மட்டும் அசையவில்லை. அவர்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. மலாயில் எப்போது சொல்வீர்கள் என்று காத்திருந்தார்கள். மலாயில் சொன்னால் மொழிபெயர்ப்பாளனுக்கும் புரியும். திரையில் விருந்து, எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

"லாரி," என்றீர்கள். மூன்றாம் வரிசையைப் பார்த்து, திரும்பவும், "லாரி."

இங்கே பிறந்த நாங்கள் வண்டியை லோரி என்போம். இந்தியாவிலிருந்து வந்த நீங்கள் மட்டும் லாரி என்பீர்கள். மலாயில் அதற்கு ஓடு என்று அர்த்தம். மூன்றாம் வரிசை எழுந்தது. மொழிபெயர்ப்பாளனும் எழுந்தான். தமிழில் அது வண்டியின் பேர் என்று நீங்கள் அவனிடம் சாதித்தீர்கள். நல்ல பதில்தான். ஆனால் படத்தில் ஓடுகிறவனும் இல்லை, வண்டியும் இல்லை.

நான் கைப்பிடியை நிறுத்தினேன். ஃபிலிம் பற்றியது, விருந்தின் நடுவே பழுப்பாக ஓட்டை விழுந்து விரிந்தது, பிறகு இருட்டு. அந்த இருட்டில் செட்டிக் கம்பத்து ஆட்கள் தப்பிப் போனார்கள். எனக்குக் கன்னத்தில் இரண்டு அறை, விரலில் தீக்காயம். மெஷின் ஆள் வேண்டும் என்பதால் விட்டுவிட்டார்கள். உங்களையும் மிச்சமிருந்தவர்களையும் வண்டியில் ஏற்றினார்கள்.

நேற்று வந்தவர் அந்த மிச்சத்தில் ஒருவர். முகாமில் படமே இல்லாமல் அந்தப் படத்தைச் சொல்வீர்களாம். முடிக்கும் முன்னே படுத்துவிட்டீர்களாம். ராஜா கடைசியில் என்ன ஆகிறார் என்று என்னிடம் கேட்டார். செத்துப்போகிறார், அதுதான் அந்தச் சவ ஊர்வலம் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "நானா அப்படிச் சொல்லல" என்றார். எனக்கு வாக்குவாதம் செய்ய நேரமில்லை.

காலையில் மொழிபெயர்ப்பாளன் வந்தான், புது ஆள், இவனுக்கும் மலாய் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை படம் சொல்ல ஆள் உண்டா என்று கேட்டான். நானே சொல்கிறேன் என்றேன். எனக்குப் பேச வராது, உங்களுக்குத் தெரியும். நீங்கள் திரை ஓரம் நின்று பேசியது அத்தனையும் காதில் இருக்கிறது. அதில் எனக்கு வேண்டியது நாலு வாக்கியம்தான்.

செய்ய வேண்டியவை:

1. இன்று அஸர் தொழுகைக்கு முன் லாத்தாவிடம் போய் நானே சொல்வது. விதவை இருக்க வேண்டிய இத்தா எந்த நாளிலிருந்து கணக்கு என்று பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டுவிட்டுப் போவது. இந்தத் தாளை வாசித்துக் காட்டி, அங்கேயே அடுப்பில் போடுவது.

2. செட்டிக் கம்பத்துக்குப் போய், வர வேண்டாம் என்று மலாயில் சொல்வது. படம் என்றால் சிலர் எப்படியும் வருவார்கள்.

3. கக்கூஸ் கதவுக்கு இப்போது இரும்புப் பட்டை அடித்திருக்கிறார்கள். ஆணிகளின் தலையை விட்டுவிட்டு உடம்பை அறுத்துவிடுவது.

4. இலவசக் காட்சியில் டிக்கெட் கிழிப்பவருக்கு வேலை இல்லை. அவருக்கு மெதுவாகச் சுற்றப் பழக்குவது.

5. ரதங்கள் துரத்திக்கொண்டு ஓடும் காட்சி ஐந்தாம் சுருளில் இருக்கிறது. அதை வெட்டி எடுத்து முதல் சுருளில் ஒட்டுவது. அது திரையில் ஓடும்போது நான் லாரி, லாரி என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் கத்தலாம்.